திகதி போனால் காசும் போகும்

கடந்த வருடம் பாடசாலையில் பெற்றார் கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, ஓர் அம்மா மட்டும் வகுப்பறை வாசலில் நின்றார். கையில் ஒரு சொப்பிங் பேக். அதற்குள் பழைய சம்பளச் சீட்டுகள், பிள்ளைகளின் கிளினிக் அட்டை, ஒரு நீளமான கடிதம். "சேர், இந்தக் கடுதாசிய கொஞ்சம் வாசிச்சு சொல்லுங்க" என்றார்.

கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. அவர் முன்பு வேலை செய்த ஒரு தனியார் தேயிலைக் கம்பனி கலைக்கப்படுகிறது. கம்பனியிடமிருந்து காசு வர வேண்டியவர்கள் ஆதாரங்களோடு இன்ன திகதிக்கு முன் கோரிக்கை அனுப்ப வேண்டும். இவ்வளவுதான் விஷயம். அந்தத் திகதி முடிந்து 5 கிழமை ஆகியிருந்தது. மூடிக் கிடந்த தோட்ட ஒபிஸின் விலாசத்துக்கு வந்த கடிதம், சந்திக் கடையில் கிடந்து, கைமாறிக் கைமாறி அவரிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அவரிடம் அதை வாசிக்க ஆள் இல்லை. எங்களிடம் கொண்டுவருவதற்கு ஒரு பெற்றார் கூட்டம் வரைக்கும் காத்திருந்திருக்கிறார்.

அவருக்கு 22 வருடச் சேவை. கடைசியாக வாங்கிய நாட்சம்பளம் 1,000 ரூபாய். ஒரு வருடச் சேவைக்கு 14 நாள் சம்பளம் என்ற கணக்கில் சேர்விஸ் காசு மட்டும் 3 இலட்சத்து 8 ஆயிரம் ரூபாய். நாங்கள் அந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப இனி ஒன்னும் இல்லையா சேர்?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விக்கான பதிலை நாம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம். சம்பளம் எவ்வளவு கூட வேண்டும் என்று நாம் பேசுகிறோம், போராடுகிறோம். அது தேவை. ஆனால் ஒரு தோட்டம் மூடப்படும்போது, ஒரு கம்பனி விழும்போது, இத்தனை வருடம் சேர்ந்த காசை எந்தத் திகதிக்கு முன், யாரிடம், எப்படிக் கேட்பது என்பதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

கம்பனி விழும்போது நடப்பது என்ன

ஒரு கம்பனி தன் கடன்களைக் கட்ட முடியாத நிலைக்கு வந்தால், அதைக் கலைக்கும்படி நீதிமன்றத்தில் மனுப்போடலாம். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது. நம்முடைய மலைகளை நடத்தும் பெரிய கம்பனிகளுக்குத் தலைமை ஒபிஸ் கொழும்பில். எனவே வழக்கும் கொழும்பில்தான், வர்த்தக மேல் நீதிமன்றத்தில். கலைக்கும்படி கட்டளை வந்ததும் ஒருவர் நியமிக்கப்படுவார். கடிதங்களில் அவரை லிக்விடேட்டர் என்று எழுதுவார்கள். நாம் கலைப்பாளர் என்று சொல்வோம். கம்பனியிடம் மிச்சமிருப்பதைச் சேர்ப்பது, விற்பது, யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று பார்த்து ஒழுங்குமுறையாகப் பங்கிடுவது அவருடைய வேலை.

பங்கிடுவதற்கு முன் அவர் கேட்பது ஒன்று: "யாருக்கெல்லாம் வர வேண்டும்? நிரூபியுங்கள்." அதற்கு ஒரு திகதி வைக்கப்படும். அறிவித்தல் வர்த்தமானியிலும் பத்திரிகையிலும் வரும். அந்தத் திகதிக்குள் நிரூபிக்காதவர், அதற்கு முன் நடந்த பங்கீட்டில் சேர மாட்டார். இதுதான் சட்டத்தின் அடிப்படை.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. திகதி தவறினால் கடன் அழிந்துபோனது என்று அர்த்தமில்லை. ஏற்கெனவே பங்கிட்டதைத் திருப்பிக் கேட்க முடியாது என்பதுதான் அர்த்தம். இன்னும் பங்கிடாத காசு இருந்தால், கடைசிப் பங்கீடு முடிவதற்கு முன் நிரூபித்து அதில் பங்கு கேட்கலாம். அந்த அம்மாவுக்கு நாங்கள் செய்ததும் அதுதான். அன்று இரவே கோரிக்கையை எழுதி, மறுநாள் பதிவுத் தபாலில் அனுப்பினோம். பதில் வந்தது. முதல் பங்கீடு முடிந்துவிட்டது. மிச்சமிருப்பதில் அவருடைய பெயர் சேர்க்கப்படும் என்றார்கள். மிச்சமிருந்தது சொற்பம். திகதிக்குள் அனுப்பியிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதில் ஒரு சிறு துண்டுதான் கைக்கு வந்தது. ஆனாலும் "திகதி போச்சு" என்று யாராவது சொன்னால், அதைக் கேட்டு வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். பங்கீடு முடிந்ததா என்று கேளுங்கள்.

நிலம் கம்பனியுடையது அல்ல

பலர் நினைப்பது, "இவ்வளவு பெரிய மலை இருக்கே, அத வித்தாலே எல்லாருக்கும் குடுக்கலாமே" என்று. நிலம் கம்பனியின் சொத்து அல்ல. 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் பெரிய தோட்டங்கள் அரசின் கைக்குப் போயின. 1992இல் பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகள் உருவாக்கப்பட்டபோது அவற்றுக்குக் கிடைத்தது குத்தகை மட்டும். 2045 வரை போகும் 53 வருடக் குத்தகை. அப்படியான ஒரு கம்பனி விழுந்தால் விற்பதற்கு இருப்பது இயந்திரங்கள், லொறிகள், ஸ்டோரில் கிடக்கும் தேயிலை, குத்தகையில் மிச்சமிருக்கும் காலம். அவற்றிலும் பலவற்றை வங்கிகள் ஈடாக எழுதி வாங்கியிருக்கும். ஈடு வைத்திருப்பவர் தன் பொருளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். எனவே பங்கிடும் தட்டில் இருப்பது குறைவு. குறைவாக இருக்கும்போது, முதல் வரிசையில் நிற்பதும் நேரத்துக்கு நிற்பதும் அதிக முக்கியம்.

முதல் வரிசையில் நிற்பதற்கு நமக்கு உரிமை இருக்கிறது. கம்பனிச் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணை, முன்னுரிமையோடு கட்ட வேண்டிய கடன்களைச் சொல்கிறது. ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி, சேவைக்காலப் பணம் ஆகியவை அதற்குள் வருகின்றன. சம்பள நிலுவைக்கும் முன்னுரிமை உண்டு. ஆனால் ஒரு குறிப்பிட்ட காலத்துச் சம்பளத்துக்கு மட்டும். சட்டம் நம்மை முன்னால் நிறுத்தியிருக்கிறது. ஆனால் வரிசைக்கே வராதவரை எந்தச் சட்டமும் முன்னால் நிறுத்த முடியாது.

முந்தின காசு, பிந்தின காசு

தேயிலைத் தோட்டம் மற்ற வியாபாரங்களைப் போல ஒரே நாளில் பூட்டு விழுந்து நிற்பதில்லை. கொழுந்து காத்திருக்காது. கம்பனி கலைக்கப்பட்டாலும், விலை கிடைக்கும் வரை மலையை நடத்துவதற்காக, "வழமை போல வேலைக்கு வாங்க" என்று சொல்லக்கூடும். அப்படி வேலை செய்தால் நமக்கு வர வேண்டியது இரண்டு வகையாகப் பிரிகிறது.

ஒன்று, கலைக்க முன் சேர்ந்த நிலுவை. அது மற்றக் கடன்களோடு வரிசையில் நிற்கும், முன்னுரிமையோடு. மற்றது, கலைக்கத் தொடங்கிய பிறகு கலைப்பாளர் நம்மை வைத்து வாங்கிய வேலைக்கான சம்பளம். அது கம்பனியின் பழைய கடன் அல்ல. கலைக்கும் வேலையின் செலவு. செலவு முதலில் கழிக்கப்படும். அதற்குப் பிறகுதான் பழைய கடன்கள். அமெரிக்காவில் வங்குரோத்து வழக்குகளில் இந்த இரண்டாம் வகையை நிர்வாகச் செலவுக் கோரிக்கை என்று தனியாகவே பெயர் வைத்துப் பிரிக்கிறார்கள். அதற்கென்று வேறாக ஒரு கடைசித் திகதியும் குறிக்கிறார்கள். பழைய கடனுக்கு ஒரு திகதி, பிந்தின வேலைக்கு இன்னொரு திகதி. ஒன்றுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு மற்றதற்குச் சும்மா இருந்தால் மற்றது போய்விடும்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் எளிது. கம்பனி கலைக்கப்படுகிறது என்று தெரிந்த நாளிலிருந்து புதுக் கொப்பி ஒன்றைத் தொடங்குங்கள். அன்றிலிருந்து எத்தனை பேர் விழுந்தது, எத்தனை கிலோ, யார் வேலை சொன்னது, என்ன கொடுத்தார்கள் என்று தனியே எழுதுங்கள். இரண்டையும் கலந்து "இவ்வளவு நிலுவை" என்று ஒரே தொகையாகக் கேட்டால், முதலில் கழிக்க வேண்டிய காசும் பழைய கடனோடு சேர்ந்து பின்னால் போய்விடும்.

ஒரு திகதி அல்ல, பல திகதிகள்

நம்மவர்கள் அடிக்கடி சொல்வது, "லேபர் ஒபிஸில முறைப்பாடு குடுத்தாச்சு, இனி அவங்க பாப்பாங்க." முறைப்பாடு கொடுத்தது நல்லது. ஆனால் அது ஒரு கதவு மட்டும். வேறு கதவுகளும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு திகதி.

சேவைக்காலப் பணம்: 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 5 வருடம் முடித்தவர் வேலையை விட்டால் 30 நாளுக்குள் கட்ட வேண்டும். இந்தத் திகதி முதலாளிக்கு. பிந்தினால் மேலதிகக் கட்டணம் ஏறும்: ஒரு மாதம் வரை நூற்றுக்கு 10, பிறகு படிப்படியாக ஏறி, ஒரு வருடத்துக்கு மேல் போனால் 30. அந்த அம்மாவின் 3 இலட்சத்து 8 ஆயிரத்துக்கு 30 வீதம் என்றால் 92,400 ரூபாய். கோரிக்கை எழுதும்போது இதையும் சேர்த்து எழுத வேண்டும். நாம் கேட்காமல் யாரும் சேர்க்க மாட்டார்கள்.

வேலைநீக்கம்: நியாயமில்லாமல் நிறுத்தியதாகத் தொழில் நியாய சபைக்குப் போக 6 மாதம். ஆணையாளரின் அனுமதியோ தொழிலாளியின் எழுத்துமூலச் சம்மதமோ இல்லாமல் நிறுத்தினார்கள் என்று 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி தொழில் ஆணையாளரிடம் முறையிடவும் 6 மாதம். தோட்டத்தை மூடியதால் வேலை போனாலும், அனுமதி இல்லாமல் செய்திருந்தால், ஆணையாளர் நட்டஈடு கட்டும்படி கட்டளையிடலாம்.

ஊழியர் சேமலாப நிதி: நம்மிடம் 8 வீதம் கழித்து, முதலாளி 12 வீதம் போட்டு, அடுத்த மாதம் முடிய முன் கட்ட வேண்டும். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி மட்டும் 3 வீதம். கட்டாமல் விட்டால் 5 முதல் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம். இதை அறவிடும் அதிகாரம் தொழில் திணைக்களத்துக்கு உண்டு; நீதவான் நீதிமன்றம் வரை போகலாம். ஆனால் எந்த மாதம் கட்டவில்லை என்று திணைக்களத்துக்குச் சொல்ல வேண்டியவர்கள் நாம்.

சம்பள வழக்கு: இந்த நாட்டில் வழக்குப் போடும் காலவரம்பைக் குறிக்கும் கட்டளைச் சட்டம் 1871ஆம் ஆண்டுக்குரியது. கூலிக்காக அந்தச் சட்டப்படி நேரே வழக்குப் போக ஒரு வருடம்தான். கோப்பித் தோட்டக் காலத்தில் எழுதிய காலவரம்பு இன்றைக்கும் நம் தலைமேல் நிற்கிறது.

கடைசியாக, கலைப்பாளரின் திகதி. இதில் இன்னொரு முடிச்சு. கலைக்கும் கட்டளை வந்த பிறகு, நீதிமன்ற அனுமதி இல்லாமல் அந்தக் கம்பனிக்கு எதிராகப் புது வழக்குப் போட முடியாது. இருக்கிற வழக்கையும் நடத்த முடியாது. எனவே "நம்ம கேஸ் நடக்குது" என்று நம்பிக்கொண்டிருக்கையில், கேஸ் நின்றுபோய், கலைப்பாளரின் திகதி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

இது நமக்குப் புதிதல்ல

தெல்தெனிய, மெதமகாநுவர, ரங்கல, நக்கிள்ஸ் அடிவாரம் எல்லாம் தேயிலைக்கு முன் கோப்பி மலைகள். 1869இல் கோப்பி இலையில் நோய் விழுந்தது. 1884இல் இங்கே பெரிய வங்கியாக இருந்த ஒரியன்டல் வங்கியும் முறிந்தது. துரைமார் பலர் வங்குரோத்தானார்கள். கடன் கொடுத்தவர்களின் பெயர்கள் கணக்குப் புத்தகங்களில் இருந்தன. நமது முன்னோரின் கூலி கங்காணியின் துண்டில் இருந்தது. எழுத்தில் இருந்தவர்களுக்குக் கேட்பதற்கு ஓர் இடம் இருந்தது. வாய்ச்சொல்லில் இருந்தவர்களுக்கு அதுவும் இல்லை.

இன்றைக்கும் கண்டி, மாத்தளைப் பக்கத்தில் அரசின் கையில் எஞ்சிய தோட்டங்கள் இருக்கின்றன. மக்கள் பெருந்தோட்ட அபிவிருத்திச் சபை, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம், எல்கடுவ பெருந்தோட்டக் கம்பனி ஆகியவற்றில் சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் நிலுவையாகக் கிடப்பது பல வருடங்களாகப் பாராளுமன்றத்திலேயே பேசப்படும் விஷயம். அங்கே இன்னொரு சிக்கல். சபையும் கூட்டுத்தாபனமும் தனிச் சட்டங்களால் உருவானவை. கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிந்த சாதாரணக் கம்பனிகள் அல்ல. அவற்றை மூடுவதோ கைமாற்றுவதோ ஓர் அரசாங்க முடிவாக வரும். கலைப்பாளரின் அறிவித்தல்கூட வராமல் போகலாம். காணி ஒரு பக்கம், தொழிலாளியின் நிலுவை இன்னொரு பக்கம் என்று பிரிந்தால், புதிதாக வருபவர் "பழைய நிர்வாகத்திடம் கேளுங்க" என்பார். பழைய நிர்வாகம் எங்கே என்று நாம் தேட வேண்டியிருக்கும்.

வெளியே பார்ப்போம்

இந்தியாவில் மேற்கு வங்காளத்தில் டங்கன்ஸ் என்ற பழைய தேயிலைக் கம்பனியின் 7 தோட்டங்களை 2016 ஜனவரியில் மத்திய அரசு தேயிலைச் சட்டத்தின் கீழ் தேயிலைச் சபையிடம் ஒப்படைக்க உத்தரவிட்டது. பிறகு கடன்காரர் ஒருவர் வங்குரோத்துச் சட்டத்தின் கீழ் மனுப்போட்டார். தேயிலைச் சட்டப்படி அரசின் அனுமதி வேண்டும் என்று கம்பனி வாதாடியது. 2019 ஒக்டோபரில் உச்ச நீதிமன்றம், வங்குரோத்துச் சட்டமே மேலோங்கும், அனுமதி தேவையில்லை என்று தீர்ப்பளித்தது. தேயிலைத் தோட்டம் என்பதற்காக இந்தக் கடிகாரம் நிற்காது என்பது அதிலிருந்து தெரிகிறது.

அங்கே அந்தக் கடிகாரம் மிக வேகமானது. கோரிக்கை கொடுக்க முதலில் குறிக்கப்படும் காலம் 14 நாள்தான். பிந்தினால் கொஞ்ச நாள் சலுகை உண்டு. ஆனால் கம்பனியை மீட்கும் திட்டம் ஒன்று அங்கீகரிக்கப்பட்டால், அந்தத் திட்டத்தில் இல்லாத பழைய கோரிக்கைகள் அழிந்துவிடும் என்று 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இங்கே திகதி தவறினால் மிச்சத்தில் பங்கு கேட்கலாம். அங்கே மிச்சமே இல்லாமல் போகலாம்.

ஆனால் அங்கே நாம் பொறாமைப்பட வேண்டிய இரண்டு விஷயங்களும் உண்டு. ஒன்று, தொழிலாளருக்குரிய சேமலாப நிதி, பணிக்கொடை நிதி ஆகியவற்றின் காசைக் கலைக்கப்படும் கம்பனியின் சொத்தோடு சேர்க்கக் கூடாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. அது பங்கீட்டுத் தட்டுக்கு வெளியே நிற்கிறது. மற்றது, ஒவ்வொரு தொழிலாளியும் தனித்தனியே அலைய வேண்டியதில்லை. எல்லோருக்காகவும் ஒரு பிரதிநிதி ஒரே கோரிக்கையைக் கொடுக்கலாம். சணல் ஆலை ஒன்றின் வழக்கில் 2019 ஏப்ரலில், தொழிற்சங்கமே தொழிலாளர் சார்பில் வங்குரோத்து மனுவும் போடலாம் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

"திகதி இல்லாமல் எப்படி முடிப்பது?"

இதை ஒரு கூட்டத்தில் நாங்கள் பேசியபோது, கணக்கு வேலை தெரிந்த தம்பி ஒருவர் எழுந்து கேட்டார்: "திகதி ஒன்னு வைக்காட்டி கலைக்கிறவர் எப்பதான் பங்கிடுவார்? ஒருத்தர் பிந்தினா மத்த ஆயிரம் பேரும் காத்துக்கிட்டு இருக்கணுமே?"

நியாயமான கேள்வி. திகதியே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. முடிவில்லாமல் இழுபட்டால் நட்டம் நமக்கும்தான். இயந்திரம் துருப்பிடிக்கும், காவலுக்கும் வாடகைக்கும் காசு கரையும். நாம் சொல்வது வேறு. வங்கிக்கும் பொருள் கொடுத்த வியாபாரிக்கும் ஒரே திகதி வைக்கலாம்; அவர்களுக்கு லோயர் இருக்கிறார், ஒவ்வொரு வர்த்தமானியையும் பார்க்க ஆள் இருக்கிறது. லயன் காம்பராவில் இருக்கும் ஒருவருக்கு அதே திகதியை, ஆங்கிலக் கடிதத்தில், மூடிய ஒபிஸுக்கு அனுப்பினால் அது சம நீதி அல்ல. அதோடு, தொழிலாளி நிரூபிக்க வேண்டியதெல்லாம் யாருடைய கையில் இருக்கிறது? செக்ரோல் ஒபிஸில். சேமலாப நிதிக் கணக்கு மத்திய வங்கியிலும் தொழில் திணைக்களத்திலும். எல்லாப் பதிவும் அவர்களிடம் இருக்க, பதிவே இல்லாதவரைப் பார்த்து "நிரூபி" என்று சொல்கிறது இந்த முறை. பிள்ளையிடம் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு பரீட்சை வைப்பது போல.

சங்கம் கேட்க வேண்டியவை

முதலாவது, செக்ரோலிலும் சேமலாப நிதிப் பதிவிலும் பெயர் இருக்கும் ஒவ்வொரு தொழிலாளியின் சட்டப்படியான நிலுவையும், அவர் கேட்காமலே ஏற்றுக்கொள்ளப்பட வேண்டும். கூடக் குறைய இருந்தால் மட்டும் அவர் எழுதட்டும்.

இரண்டாவது, அறிவித்தல் தமிழிலும் சிங்களத்திலும் பிரட்டுக்களத்தில் ஒட்டப்பட்டு, வாசித்துக் காட்டப்பட வேண்டும். தொழிலாளியின் திகதி அன்றிலிருந்துதான் ஓட வேண்டும். வேலையை விட்டுப் போனவர்களுக்கு, அவர்களுடைய இன்றைய விலாசத்துக்குத் தபால்.

மூன்றாவது, நம்மிடமிருந்து கழித்துக் கட்டாமல் விட்ட 8 வீதம் கம்பனியின் காசு அல்ல, நம்முடைய காசு. அதையும் அதோடு சேர வேண்டியதையும் பங்கீட்டுத் தட்டுக்கு வெளியே வைக்க வேண்டும்.

நான்காவது, பதிவுசெய்த தொழிற்சங்கம் தன் அங்கத்தவர் எல்லோருக்கும் சேர்த்து ஒரே கோரிக்கை கொடுப்பதைச் சட்டம் தெளிவாக ஏற்க வேண்டும்.

ஐந்தாவது, அரசாங்கத் தோட்டங்களில் ஓர் ஏக்கராவது கைமாறுவதற்கு முன், அங்கே வேலை செய்தவர்களின் நிலுவை கணக்கிடப்பட்டு, எழுத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டு, கட்டப்பட வேண்டும்.

இவற்றைக் கேட்போம். ஆனால் சட்டம் மாறும் வரை கம்பனிகள் விழாமல் காத்திருக்கப்போவதில்லை. அதனால் நம் வேலையை இன்றே தொடங்க வேண்டும்.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கோப்பு

நாங்கள் பாடசாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். பெரிய கோப்பு வாங்க வேண்டியதில்லை. பழைய அப்பியாசக் கொப்பியின் மட்டை போதும். அதற்குள் வைக்க வேண்டியவை:

சம்பளச் சீட்டுகள். எறிய வேண்டாம், அடுப்புப் பற்றவைக்க எடுக்க வேண்டாம். மங்கிப்போகும் சீட்டை மாதாமாதம் போனில் படம் பிடித்துப் பிள்ளையின் போனிலும் ஒரு பிரதி வையுங்கள்.

சேமலாப நிதி இலக்கமும் பி காட்டும். 6 மாதத்துக்கு ஒருமுறை வரும் கணக்குத் தாளைப் பாருங்கள். கழித்த மாதத்துக்குக் காசு விழவில்லை என்றால் உடனே தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள். சும்மா இருந்தால் மாதம் வருடமாகிவிடும்.

பெயர். இதுதான் நாங்கள் அதிகம் காணும் பிரச்சினை. அடையாள அட்டையில் லெட்சுமி, செக்ரோலில் லட்சுமி, பிறப்புப் பத்திரத்தில் இலட்சுமி. ஒபிஸில் கிளாக்கர் ஐயா காதில் விழுந்தபடி எழுதியது வேறு. மூன்றும் ஒரே ஆள்தான் என்று கம்பனி நடக்கும்போது நிரூபிப்பது ஒரு நாள் வேலை. கம்பனி விழுந்த பிறகு நிரூபிப்பது சில நேரம் ஒரு வருட வேலை. அதற்குள் திகதி போய்விடும்.

வேலைக்குச் சேர்ந்த திகதி. பேர் பதிந்த வருடம் நினைவில்லாதவர்கள் இப்போதே ஒபிஸில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கோரிக்கைக் கடிதத்தின் பிரதியையும், பதிவுத் தபால் துண்டையும் வையுங்கள்.

காலமானவர்களின் பத்திரங்கள். அப்பாவுடைய, அம்மாவுடைய சேர்விஸ் காசு வராமல் இருந்தால் அது வாரிசுகளுக்குரியது. மரணப் பத்திரம், விவாகப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் எல்லாம் அதே கோப்பில்.

ஒவ்வொரு டிவிஷனிலும் தலைவரும் மாதர் சங்கத் தலைவியும் சேர்ந்து ஒரு பெயர்ப் பட்டியல் எழுதுங்கள்: பெயர், அடையாள அட்டை இலக்கம், சேமலாப நிதி இலக்கம், சேர்ந்த திகதி, இப்போதைய விலாசம். கொழும்புக்கு வேலைக்குப் போனவர்களையும், மத்திய கிழக்கில் இருப்பவர்களையும், ஓய்வுபெற்றுப் பிள்ளை வீட்டில் இருப்பவர்களையும் விட வேண்டாம். அவர்களுக்குத்தான் தபால் போய்ச் சேராது. நம்மோடு வேலை செய்யும் சிங்களத் தொழிலாளர் பெயரும் அதே பட்டியலில் இருக்கட்டும். கம்பனி விழும்போது நம் தலையிலும் அவர்கள் தலையிலும் ஒரே நேரத்தில்தான் விழும். எழுதத் தெரியாத வீடுகளுக்கு எழுதிக் கொடுக்க நாங்கள் இருக்கிறோம். சனிக்கிழமை பின்னேரம் பாடசாலைக்கு வாருங்கள்.

மழை பொய்த்த வருடங்களில் விக்டோரியா நீர்த்தேக்கம் வற்றும்போது பழைய தெல்தெனிய நகரத்தின் கட்டடங்கள் சேற்றிலிருந்து தெரிவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தண்ணீர் வரப்போகிறது என்று முன்பே சொல்லித்தான் அந்த ஊர் எழுப்பப்பட்டது. கம்பனி விழுவதை நமக்கு யாரும் அப்படி முன்கூட்டிச் சொல்லப்போவதில்லை. நமக்கு வருவது கடைசித் திகதி போட்ட ஒரு கடிதம் மட்டும்.

அந்தக் கடிதம் வரும் நாளில் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் கோப்பு தயாராக இருக்க வேண்டும். அன்றே சங்கத்துக்குச் சொல்லுங்கள். பெற்றார் கூட்டம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.